செசாரியா வைத்த சூசையப்பர் பந்தி

எதிர்வீட்டு செசாரியாவுக்குக் காலண்டரில் ஒரு சிவப்புத் தேதி கண்ணில் பட்டால் போதும், கை சும்மா இருக்காது. கிறிஸ்துமஸ் என்றால் சாப்பாட்டு மேசை நடுவில் ஒரு மலை எழும்பும். பாசி, ஆரஞ்சு, இலையோடு ஒடித்த கிளை, காகிதக்கூழில் செய்த இடையர்கள். நோன்புக்கு முந்தின கூத்து நாட்களில் நாற்காலிகளுக்கெல்லாம் முகமூடி கட்டிவிடுவாள். ஈஸ்டர் பாஸ்காவுக்கு இருட்டறையில் முளைப்பாரி போட்டு, வெளிறிய கோதுமை நாற்றை மேசை நீளத்துக்கும் பரப்பி, நடுவில் பாதாம் மாவு ஆட்டுக்குட்டியைப் படுக்க வைப்பாள். அவள் கணவன் பஸ் ஓட்டுகிறவன். தன் வீட்டில் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான்.

தெருவே வந்து பார்க்கும். நானும் போவேன். ஒரு கிறிஸ்துமஸ்ஸுக்கு அந்த மலையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்துத் தின்றுவிட்டேன். அவள் மலை சரிந்து ஊர் புதைந்ததைப் பார்ப்பவள் போல நின்றாள்.

அழகாக அடுக்கிவைத்த எதையும் நான் நம்புகிறவன் இல்லை. ஆயுசெல்லாம் குவாரியில் கல் அறுத்தவன். பால் மாதிரி வழவழவென்று முகம் காட்டுகிற கல்லுக்குள்தான் விரிசல் ஓடும். சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்காமல் எதையும் ஒத்துக்கொள்வதில்லை. மனுஷர்களையும் அப்படித்தான்.

அவளுடைய தங்கை தோரா. அடுத்த சந்தில் வீடு. தோராவின் புருஷன் பியாஜோ எங்கள் குவாரிக் கல்லை லாரியில் ஏற்றிப்போகிறவன். பெரிய குரல், பெரிய கை, பெரிய வயிறு. அவள் சமைப்பாள், அவன் தின்பான். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் கொண்டாட்டம் தேவைப்படவில்லை. "இவ கையப் பிடிச்சுக் கட்டிப் போடணும் மேஸ்திரி. இல்லேன்னா நான் லாரிக்குள்ள நுழைய முடியாது" என்பான் என்னிடம். திராட்சை அறுப்பு முடிந்த வாரத்தில், லாரியை நிறுத்திவிட்டு இறங்கியவன் வீட்டு வாசலிலேயே சாய்ந்துவிட்டான்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்தார் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோனோம். தோரா அழுதாள், அழுதுகொண்டே சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுக் குறையும் சொன்னாள். நான் கொண்டுபோன சூப்பில் மிளகு கண்டபடி கிடக்கிறது என்று சொன்னதாகக் கேள்வி. சரி, பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

பிறகு நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது.

அதற்கு முந்தின இரவு செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போவார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மேசையில் ரொட்டியும் தண்ணீரும் ஒரு கிண்ணம் ஒயினும் வைத்து விளக்கேற்றிவிட்டுத்தான் படுப்போம். விடிவதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து அந்த ரொட்டியில் ஓர் ஓரம் கிள்ளுவார், ஒயினில் ஒரு மிடறு குறைப்பார். யார் என்று யாரும் கேட்பதில்லை. காலையில் பார்த்து, "வந்துட்டுப் போயிருக்காங்க" என்று சொல்லிக்கொள்வோம். இதை ஏமாற்று என்று சொல்கிறவன் வீட்டில் யாரும் செத்ததில்லை என்று அர்த்தம்.

அந்த வருஷம் தோராவைத் தன் வீட்டில் படுக்கச் சொல்லிவிட்டு, செசாரியா பியாஜோவுக்காக மேசை போட்டாள். நான் மாலையில் எட்டிப் பார்த்தேன். கருநீலத் துணி. அதன் மேல் சாமந்தி, பிளந்த மாதுளை, கறுப்புத் திராட்சை. பியாஜோவின் தட்டில் எள் தூவின ரொட்டி. பக்கத்தில் புறா மாதிரி மடித்த கைக்குட்டை. கிண்ணத்தில் ஒயின் விளிம்பு தொட்டு நின்றது. விளக்கு வெளிச்சத்தில் அந்த மேசை தரையில் கால் படாமல் நிற்பது போல இருந்தது. எனக்கே வாய் அடைத்தது.

அதுதான் வினையாயிற்று. விடியற்காலையில் எழுந்துவந்த செசாரியாவுக்கு அதைக் கலைக்க மனசு வரவில்லை. அவ்வளவு நேர்த்தியாக இருந்ததாம். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். அடுத்து எழுந்தவள் தோரா. ரொட்டி முழுசாக இருந்தது. ஒயின் ஒரு சொட்டுக் குறையவில்லை. புறா இறக்கையை விரிக்கவில்லை.

"அவரு வரல" என்றாள் தோரா.

அன்றையிலிருந்து அவள் சாப்பிடுவதை விட்டாள். காபி குடிப்பாள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினால் ஒரு வாய் வாங்கிக்கொள்வாள், அவர்கள் முகத்தைத் திருப்பினதும் அது கைக்குட்டைக்குள் போய்விடும். புது வருஷத்தில் அவள் கவுன் அவள் மேல் தொங்கிற்று. நோன்பு தொடங்கும்போது கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். டாக்டர் டானிக் எழுதினார். பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. இப்படியே போனால் அடுத்த கல்லறைத் திருநாளுக்கு இரண்டு தட்டு வைக்க வேண்டியிருக்கும் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் செசாரியா என் வீட்டுக்கு வந்தாள். நான் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, உங்களுக்குத் தாடி இருக்கு" என்றாள்.

"பல வருஷமா இருக்கு. இப்பத்தான் கண்ணுல பட்டுதா?"

"சூசையப்பர் பந்தி வைக்கிறேன். நீங்கதான் சூசையப்பரா உக்காரணும்."

"ஒரோன்ஸோவக் கேளு. ஊர்ல எல்லாரையும் அவன்தான வழிக்கிறான், கொஞ்சம் மயிரு மிச்சம் வச்சிருப்பான்."

"அவரு சுவக்கீனா உக்கார்றாரு. ஏற்கெனவே சொல்லியாச்சு." அவள் சிரிக்கவில்லை. "புனிதரா உக்காரச் சொல்லி வீடு தேடி வந்தா மாட்டேங்கக் கூடாது மேஸ்திரி. உங்களுக்குத் தெரியாததில்ல."

எனக்குத் தெரியும். அதனால்தான் எரிச்சல் வந்தது.

"நேர்ச்சைப் பந்திங்கிறது வேண்டினது கிடைச்சதுக்கப்புறம் வைக்கிறது. உனக்கு என்ன கிடைச்சுது?"

"இன்னும் கிடைக்கல."

"பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே பேரு வைக்கிறியா?"

"தோராவ அன்னம்மாளா உக்கார வைக்கப் போறேன். பந்தியில உக்கார்ற புனிதருங்க, வச்ச பதார்த்தம் எதையும் தொடாம விடக் கூடாது. அதான முறை?"

"ஒரு வாய் தொட்டாப் போதும்ங்கிறதும் முறைதான். அவ தொட்டு வச்சுட்டுப் போயிட்டா என்ன பண்ணுவே?"

அவள் என் மண்வெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மேசை போட்டுக் கெடுத்ததை இன்னொரு மேசை போட்டுச் சரிக்கட்டப் பாக்குறே" என்றேன். என் வாய் அப்படித்தான்.

"முள்ள முள்ளாலதான எடுக்கணும்" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அந்த ரொட்டியில ஒரு ஓரம் கிள்ளியிருந்தாப் போதும் மேஸ்திரி. ஒரே ஒரு ஓரம். அழகு கெட்டுடுமேன்னு பாத்தேன். வேற ஒண்ணும் எனக்குப் பண்ணத் தெரியல. இதுதான் தெரியும்."

"தாடிய வெட்ட மாட்டேன், சீவவும் மாட்டேன்" என்றேன். அது சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எதிர்வீட்டில் வேலை நிற்கவில்லை. முன்னறையிலிருந்த சாமான்களெல்லாம் தெருவுக்கு வந்தன. பஸ் ஓட்டுகிற மனுஷன் ஒரு வாரம் சமையலறைக் கட்டிலில் படுத்தான். அவள் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த படுக்கைத் துணிகள், அவள் பாட்டி நெய்த துணிகள், இரவல் வாங்கின துணிகள் எல்லாம் வெளுத்துக் கஞ்சி போட்டு மாடியில் காய்ந்தன. காற்றடிக்கும்போது தெருவுக்கு மேலே கப்பல்கள் போவது போலிருக்கும். ஊர்ப் பேக்கரியில் ஐந்து பெரிய வளைய ரொட்டிகள் சொல்லிவைத்தாள். பந்திக்கு ஒற்றைப்படைதான் ஆகும். மூன்று, ஐந்து, ஏழு என்று பதின்மூன்றுவரை போகலாம். இரட்டைப்படையில் புனிதர்கள் உட்காரமாட்டார்கள். இவள் ஐந்து வைத்தாள். சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு, மாதாவின் தாயும் தகப்பனுமான அன்னம்மாளும் சுவக்கீனும்.

சூசையப்பர் திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து மேசையை மந்திரித்தார். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நான் போனேன்.

வாசல் திரையை விலக்கி உள்ளே கால் வைத்ததும் ஒரு கணம் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. சுவரே இல்லை. நாலா பக்கமும் வெள்ளைத் துணி. மேலே வளைவுக் கூரையிலிருந்தும் வெள்ளைத் துணி இறங்கி, நடுவில் ஒரு முடிச்சில் சேர்ந்தது. துணிக்குப் பின்னால் எங்கோ விளக்குகள் இருந்தன. பாலுக்குள் மூழ்கிக் கண் திறந்தால் எப்படியோ அப்படி இருந்தது. மேசை நீளமாக, வெள்ளையாக, அந்தப் பாலில் மிதந்தது. அதன் மேல் ஐந்து ரொட்டிகள் ஐந்து நிலாக்கள் மாதிரி நின்றன. ஒவ்வொன்றின் நடு ஓட்டையிலும் ஓர் ஆரஞ்சு. பக்கத்தில் பச்சைத் தழையோடு சோம்புக் கிழங்கு, சிவப்பு நாடா கட்டின ஒலிவ எண்ணெய் பாட்டில், ஒயின், தேன் சாடி. தேனுக்குள் வெளிச்சம் தங்கி நின்றது. ஆட்கள் சுவரோரமாக நகர்ந்தார்கள், செருப்புச் சத்தம்கூட இல்லை. பேசினவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். அது தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலக் காதில் விழுந்தது.

எனக்குக் கனவு வருகிற வழக்கம் கிடையாது. படுத்தால் கல்லாகக் கிடப்பேன். மற்றவர்கள் கனவு என்று சொல்வது இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் சந்தேகம் வந்துவிட்டது. போன நவம்பரிலும் இப்படித்தான் வாய் அடைத்து நின்றேன்.

"எப்படி மேஸ்திரி?" என்று பக்கத்தில் வந்து கேட்டாள் செசாரியா. கண்ணுக்குக் கீழே கருவளையம். அவளும் சாப்பிட்டுப் பல நாள் ஆனவள் போலத்தான் இருந்தாள்.

"நல்லாயிருக்கு. ரொம்ப நல்லாயிருக்கு. அதான் பயமாயிருக்கு" என்றேன்.

மறுநாள் பூசை முடிந்து கோயிலிலிருந்து ஐந்து பேரும் நடந்து வந்தோம். எனக்குப் பழுப்பு அங்கி, உச்சியில் பூக்கட்டின தடி. மருந்துக்கடையில் வேலை செய்கிற மரீசா மாதா. அவள் தம்பி குழந்தை இயேசு. முடிதிருத்துகிற ஒரோன்ஸோ ஒட்டுத்தாடியோடு சுவக்கீன். தோரா பச்சை முக்காட்டுக்குள் இருந்தாள். காற்றடித்தால் துணி மட்டும் நடந்து வருவது போலிருந்தது. அக்காவின் நேர்ச்சையைக் கெடுக்கக் கூடாது என்று வந்தாள், அவ்வளவுதான்.

"மேஸ்திரி, காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல" என்றான் ஒரோன்ஸோ என் காதில். "சீக்கிரம் சீக்கிரமா இடிங்க. எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாத்துரலாம்."

பந்தியில் எல்லாம் சூசையப்பர் தடியில் இருக்கிறது. அவர் தடியால் தரையில் இடித்தால் எல்லாரும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். பாதித் தட்டு மிச்சமிருந்தாலும் அது போய்விடும், அடுத்தது வரும். அவர் இடிக்காதவரை எதுவும் மாறாது. புனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பேசக் கூடாது.

நான் நடுவில். எனக்கு இடப்பக்கம் தோரா. சுவரோரமாக ஊர் ஜனம் நெருக்கியடித்து நின்றது. முற்றத்துக் கதவு வழியாக நடுப்பகல் வெயில் துணிகளில் பட்டு அறை முழுக்க வெளிச்சமாகக் கரைந்தது. எங்கள் யாருக்கும் நிழல் விழவில்லை. செசாரியா வெறுங்காலோடு வந்து பரிமாறினாள். வீட்டுக்காரி பந்தியில் உட்காரக் கூடாது.

முதலில் தேனும் வறுத்த ரொட்டித்தூளும் போட்ட சேமியா. தோரா ஒரே ஓர் இழையை முள்கரண்டியால் தூக்கி வாயில் வைத்தாள். தாடை அசையவில்லை. முக்காட்டை இழுத்துவிடுகிற மாதிரிக் கை போயிற்று, கைக்குட்டை போயிற்று. நான் பார்த்தேன். சமையலறை வாசலில் நின்ற செசாரியாவும் பார்த்தாள். காத்திருந்து பயனில்லை என்று தெரிந்ததும் இடித்தேன்.

அடுத்து காட்டு வெங்காயம், எண்ணெயும் வினிகரும் விட்டது. கசப்பு. அதில் ஒரு செதிளை உதட்டில் தொட்டாள். கைக்குட்டை. மறுபடியும் இடித்தேன். இந்த முறை தடி கனத்தது. செசாரியாவின் முகம் பின்னாலிருந்த துணியோடு துணியாகப் போய்விட்டது.

மூன்றாவது, கையால் அறுத்த மாவு நாடாக்களைக் கொண்டைக்கடலையோடு வேகவைத்தது. தட்டு நிறைய ஆவி பறந்தது. நான் ஒரு வாய் போட்டேன்.

உப்பே இல்லை.

உப்பு குறைவு என்று சொல்லவில்லை. உப்பு என்கிற சாமானே அதில் விழவில்லை. ஈரச் சுண்ணாம்பைத் தின்பது போலிருந்தது. புனிதர்கள் வாய் வைக்குமுன் பந்திச் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது எங்கள் முறை. நவம்பரில் ரொட்டியை ஓரம் கிள்ளாத செசாரியா மார்ச்சில் கரண்டியை நக்கியிருப்பாளா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இது மந்திரித்த மேசைக்கே வந்துவிட்டது. ஒரோன்ஸோ என்னைப் பார்த்தான். அவன் ஒட்டுத்தாடி ஒரு பக்கம் கிளம்பியிருந்தது. சுவரோரத்து ஜனத்துக்கு எதுவும் தெரியாது, எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தது.

தோரா ஒரு கடலையை எடுத்தாள். வாயில் வைத்தாள். கை முக்காட்டுப் பக்கம் பாதி போயிற்று.

நின்றது.

தாடை அசைந்தது. மெதுவாக, ஒரு தடவை, இன்னொரு தடவை. அவள் புருவம் நெருங்கிற்று. பிறகு ஒரு மாவு நாடாவைக் குத்தி எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதையும் தின்றாள். தலையைத் தூக்கி, அறைக்குக் குறுக்கே, அக்காவைப் பார்த்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் யாரையும் அப்படி நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. அதில் பாசமெல்லாம் இல்லை. ஒரு சமையல்காரி இன்னொரு சமையல்காரியைப் பார்க்கிற பார்வை. அதைவிடக் கொடுமையான பார்வை உலகத்தில் கிடையாது.

மூன்றாவது வாய். நம்ப முடியாமல் நாலாவது வாய். எங்கே பிசகிற்று என்று தேடுகிறாள் என்று புரிந்தது. கடலையை நாக்கில் நசுக்குகிறாள். கஞ்சியைத் தனியாக உறிஞ்சிப் பார்க்கிறாள். அடியில் ஏதாவது இருக்குமோ என்று கிளறுகிறாள். ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு வாய் உள்ளே போயிற்று. கைக்குட்டை மடியில் கிடந்தது.

நான் தடியை எடுத்து முழங்காலுக்கு இடையில் சாய்த்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த வெள்ளைக்குள் நேரம் போனதாகவே தெரியவில்லை. முற்றத்து வெயில் இருந்த இடத்திலேயே இருந்தது. ரொட்டிகள் மிதந்தன. ஆட்களின் முகங்கள் தூரத்தில் கரையில் நிற்பவர்களுடையவை போலத் தெரிந்தன. ஒரு முள்கரண்டி தட்டில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம் போலிருந்தது. பியாஜோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் வீட்டுத் தெருவில் போனால் இப்படித்தான் சத்தம் கேட்கும்.

மற்றவர்கள் பாடுதான் பாடு. நான் இடிக்காதவரை அவர்களும் தின்றாக வேண்டும். மரீசா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கடலையாக விழுங்கினாள். ஒரோன்ஸோ மேசைக்கடியில் என் கணுக்காலில் உதைத்தான். நான் திருப்பி உதைத்தேன்.

"சூசையப்பர் தூங்கிட்டாருய்யா" என்றது சுவரோரத்தில் ஒரு குரல்.

"வயசாச்சுல்ல. தச்சுவேல அலுப்பு" என்றது இன்னொன்று.

பங்குச் சாமியார் இருமினார். பிறகு எனக்குக் கேட்கும்படியாக இருமினார். அவருக்கு மூன்று மணிக்குப் பக்கத்து ஊரில் பூசை. நான் அவரைப் பார்த்தேன், என் தாடியைப் பார்த்தேன், தடியைத் தொடவில்லை.

தோரா ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துத் தட்டை வழித்தாள். அதையும் வாயில் போட்டுக்கொண்டாள். தட்டு வெள்ளையாயிற்று. புனிதர் பேசக் கூடாது என்கிற முறையை அங்கேயே விட்டாள்.

"உப்பே போடலியேக்கா" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அறை முழுக்கக் கேட்டது.

செசாரியாவின் வாய் திறந்தது. "போட்டேனே... போடலியா?"

"கடலைய நேத்து ராத்திரி ஊற வச்சியா, காலையில ஞாபகம் வந்து போட்டியா? நடுவுல கல்லு மாதிரி இருக்கு. பிரிஞ்சி இல எங்க? பூண்டு எங்க?"

"ருசி பாக்கக் கூடாதே தோரா. புனிதருங்களுக்கு முன்னாடி..."

"எந்தப் புனிதரு சொன்னாரு? ருசி பாக்காம ஒருத்தி அடுப்புகிட்ட நிப்பாளா?" மூச்சு வாங்கினாள். இவ்வளவு பேசிப் பல மாதமாயிற்று. "துணிக்குக் கஞ்சி போட மறந்திருக்க மாட்ட. அவரு இருந்திருந்தா தட்டத் தூக்கி உன் தலையிலயே கவுத்திருப்பாரு."

அந்தக் கல்லறைத் திருநாளுக்குப் பிறகு பியாஜோவைப் பற்றி அவள் பேசினது அதுதான் முதல் தடவை.

அவள் எழுந்தாள். பச்சை முக்காட்டை உருவி நாற்காலி முதுகில் போட்டாள். நடுவில் நின்ற அக்காவைத் தோளால் தள்ளிவிட்டு, சமையலறைக்குள் போனாள். மூடி விழுகிற சத்தம் கேட்டது. அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. "பூண்ட எங்கக்கா ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் எண்ணெயில் பூண்டு விழுகிற வாசனை வெள்ளைத் துணிகளுக்கிடையில் வழி கண்டுபிடித்து வந்தது. ஜனம் மூக்கை உயர்த்திற்று.

"மேஸ்திரி, நாலு பேராயிட்டோம்" என்றான் ஒரோன்ஸோ. உண்மையில் பயந்திருந்தான். சுவரோரத்தில் அதையேதான் முணுமுணுத்தார்கள். நாலு பேர் பந்தி ஆகாது. சாமியார் மறுபடி இருமிக்கொண்டே யோசித்தார். செசாரியா அறை நடுவில் வெறுங்காலோடு, கையில் காலிக் கரண்டியோடு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத முகம்.

"செசாரியா, உக்காரு" என்றேன்.

"நான் பரிமாறணும். வீட்டுக்காரி உக்காரக் கூடாது மேஸ்திரி."

"நாலு பேரு பந்தியில நான் இருக்க மாட்டேன். எந்திரிச்சுப் போயிடுவேன். உக்காரு."

"முறை..."

"முறை தெரிஞ்சவருதான் இருமிக்கிட்டிருக்காரு, அவரு ஒண்ணும் சொல்லல. உக்காரு."

சாமியார் இருமலை நிறுத்தினார். கூரையில் துணி முடிச்சைப் பார்த்தார். செசாரியா தோராவின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் மேசை போட்டவள், தான் போட்ட மேசையில் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

தோரா பெரிய பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தாள். கவுன் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தாள். குச்சி மாதிரிக் கைகள், பானை கனத்தில் நடுங்கின. யாரையும் தொட விடவில்லை. எங்கள் தட்டுகளில் இருந்ததைத் திரும்பப் பானையில் கொட்டிக்கொண்டு புதிதாக ஊற்றினாள். ஊற்றும்போது வெள்ளை மேசைத்துணியில் இரண்டு இடத்தில் எண்ணெய் சிந்திற்று. செசாரியா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் தட்டுக்குக் கண்ணைத் திருப்பினாள்.

"தின்னு" என்றாள் தோரா.

செசாரியா தின்றாள். முதல் வாயில் கண்ணீர் வந்துவிட்டது. தோரா அதைக் கவனிக்கவில்லை. பானையைச் சுவரோரம் உயரமான ஒரு முக்காலியில் வைத்துவிட்டு, மிச்சமிருந்ததைக் கரண்டியால் அள்ளி, சுவரில் சாய்ந்து நின்றபடியே தானும் சாப்பிட ஆரம்பித்தாள். சமையல்காரிகள் எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவார்கள், நின்றுகொண்டு, பானையிலிருந்தே, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. கரண்டி உள்ளே போயிற்று, வெளியே வந்தது. ஒரு தடவை நிறுத்தி, இன்னும் ஒரு சிட்டிகை உப்பு இருக்கலாம் என்பது போல உதட்டைச் சப்பினாள்.

சமையலறையில் பொரித்த மீன் தயாராக இருந்தது. கருவாடும் காலிஃபிளவரும் தேன் முறுக்கும் வரிசையில் காத்திருந்தன. ஒரோன்ஸோ என் தடியைப் பார்த்தான். சாமியாரும் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

தோரா இன்னும் பாதிப் பானையில்தான் இருந்தாள். மீன் ஆறிப்போகும் என்று யாரோ சொன்னார்கள்.

ஆறட்டும்.